திருப்பாச்சேத்தியில் அடித்த வெட்டுக்கத்தி: அலகு அருமை, பிடி சுமார்

அலகை மட்டும் வாங்குங்கள், பிடியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். திருப்பாச்சேத்திக்குக் கத்தி வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது இதுதான்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில், திருப்புவனம் தாண்டினால் ஊர் வந்துவிடும். சினிமா புண்ணியத்தில் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே வெட்டுக்குத்துதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. பட்டறை வாசலில் நின்று பார்த்தால் கிடப்பதெல்லாம் கதிர் அரிவாளும் தேங்காய் வெட்டுகிற அரிவாளும் கறிக்கடைக் கத்தியும்தான். ஓரமாகக் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகப் போகிற ஆளுயர அரிவாள் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதற்குத் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கெட்டியாக்குவது, கிடையாதாம். சாமி தேங்காயா வெட்டப்போகிறார் என்று சிரித்தார் பட்டறைப் பெரியவர்.

என்னிடம் நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரியும், மோரா என்கிற ஸ்வீடன் சின்னக் கத்தியும் இருக்கின்றன. நம்மூர்ச் சரக்கு ஒன்று சொல்லி அடிக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. தோப்பில் கிளை கழிக்க, மட்டை சீவ ஒரு நேர் முதுகு வெட்டுக்கத்தி கேட்டேன்: அலகு 7 அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர். அளவை யோசித்துத்தான் சொன்னேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால் ஆயுதச் சட்ட விதிகள் குறுக்கே வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் சோதனைச் சாவடியில் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. 2021-ல் போலீஸ் கெடுபிடி வந்ததிலிருந்து வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் குறித்துக்கொள்கிறார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

இரும்பு, லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டை. அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கார்பன் இருக்கிற எஃகு என்பதால் தோய்ச்சலை நன்றாக ஏற்கும், சட்டென்று ஒடியாது. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதுதான் வில்லங்கம். பெரியவர் ஒவ்வொன்றையும் கட்டித் தூக்கித் தட்டிப் பார்த்தார். மொத்தையாகச் சத்தம் வந்த இரண்டை ஒதுக்கிவிட்டார்.

துருத்தி போய் புளோயர் மோட்டார் வந்துவிட்டது, சம்மட்டி அடி மட்டும் மாறவில்லை. அதையெல்லாம் விடுங்கள், தோய்ச்சலைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். அலகு செக்கச்செவேல் என்று ஆனதும் வெட்டுகிற வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கினார். முதுகு வெளியே இன்னும் சிவப்பாகவே இருந்தது. எடுத்ததும் வாயோரத்தைக் கல்லால் பரபரவென்று தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு கீழே இறங்க இறங்க, அந்த வெள்ளையில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது, பின்னாலேயே லேசான பழுப்பு. “இதுக்கு மேல விட்டா ஊதாவாயிரும் தம்பி, அப்புறம் கூர் நிக்காது” என்றபடி முழுசாக முக்கிவிட்டார். வாய் கெட்டியாக, முதுகு இளக்கமாக நிற்பது இப்படித்தான். நேபாளத்தில் குக்ரியின் வாய் மேல் கெண்டியால் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுவும் இதே கணக்குதான். ஆறியதும் அரம் போட்டுப் பார்த்தேன். வாயில் வழுக்கியது, முதுகில் பிடித்தது.

இதுவரைக்கும் நூற்றுக்கு நூறு. அப்புறம் இளவட்டம் ஒருவர் கிரைண்டரை எடுத்தார். பளபளப்பு ஏற்றுகிறேன் என்று நுனியில் வைத்து அழுத்தியதில் சூடேறி நகத்தளவு இடம் நீலம் பாய்ந்துவிட்டது. அந்த இடம் இப்போதும் கல்லில் தீட்டிய மறுநாளே மழுங்கிவிடுகிறது. கிரைண்டர் வேண்டாம், அரம் போதும் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிடியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஈரம் காயாத ஏதோ மரம், ஜிஐ பைப்பை நறுக்கிய பூண். தோப்பில் பத்து மட்டை சீவுவதற்குள் பூண் ஆட ஆரம்பித்தது, வீட்டுக்கு வந்து கழற்றி எறிந்தேன். வருஷக்கணக்கில் காய்ந்த நாட்டுக் கருவேலக் கட்டை ஒன்று இருந்தது. அதை இழைத்து, பழைய பித்தளைக் குழாயில் பூண் வெட்டி, பிடிக்குள் போகிற அலகின் காம்பைச் சூடாக்கி அரக்கும் செங்கல் பொடியும் போட்டு இறக்கினேன். அரால்டைட் போட்டாலும் தப்பில்லை, அரக்கு என்றால் பின்னால் சூடு காட்டிக் கழற்றலாம். அலகில் புளியைக் கரைத்துத் தடவி ஒரு மணி நேரம் விட்டதில் சாம்பல் கறுப்பு ஏறியது. வேலை முடிந்து துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் துரு அண்டுவதில்லை.

காய் நறுக்கவும் குச்சி சீவவும் மோராதான் சுகம், இது அந்த வேலைக்குக் கனம். கை மொத்தத்தில் கருவேலங்கிளையை இரண்டே போடில் கழிக்க மோராவால் ஆகாது.

பிடியோடு 900 ரூபாய் வாங்கினார்கள். அலகு மட்டும் என்றால் 100 குறைத்துக்கொள்வார்களாம். உறை கிடையாது, நியூஸ்பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள். பைக்கில் போகிறவர்கள் ஒரு தடித்த சாக்கு கொண்டுபோவது நல்லது.