டார்ச்சா, மின்சூளையா: பாசிமணிக் கண்காட்சியில் எனாமல் கற்றுக்கொடுக்க எது தோது?

அமெரிக்கப் பாசிமணிக் கண்காட்சிகளுக்கு மக்கள் மணி வாங்க மட்டும் வருவதில்லை, வகுப்பில் உட்காரவும் வருகிறார்கள். அரிசோனாவின் டூசான் நகரில் 1955-இல் ஒரு கனிமக் கண்காட்சி தொடங்கியது. இன்று ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை ஓட்டல், கூடாரம், மண்டபம் என்று ஊர் முழுக்கக் கல்லும் மணியும்தான். மில்வாக்கியில் நடந்துவந்த பீட் அண்ட் பட்டன் கண்காட்சி 2019-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் அதன் வகுப்புகளுக்காகவே லீவு போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஊசி நூல் வேலைக்கு ஒரு மேசையும் நல்ல விளக்கும் இருந்தால் போதும். எனாமல் அப்படியில்லை. அது கண்ணாடிப் பொடி. அதை உலோகத்தின் மேல் உருக்கிப் பிடிக்கவைக்க ஏறக்குறைய 760 முதல் 820 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்பதால் புதிதாகக் கற்பவர் கொஞ்சம் முன்னேபின்னே சூடேற்றினாலும் தாங்கும். சுத்த வெள்ளி 961-லேயே போய்விடும். பித்தளையில் துத்தநாகம் இருப்பதால் எனாமல் சரியாக ஒட்டாது. ஆகவே வகுப்பு என்றால் செம்புதான், அதில் விவாதமே இல்லை. அந்தச் சூட்டைக் கம்பளம் விரித்த ஓட்டல் அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் விவாதம்.

வழி மூன்று. மின்சூளை ஒன்று. முக்காலி மேல் வைத்த கம்பிவலையில் துண்டை வைத்து, கீழிருந்து டார்ச் (எரிவாயுச் சுடர் கக்கும் கருவி) காட்டுவது இன்னொன்று. மூன்றாவது, டார்ச்சை மேசையோரத்தில் கவ்வியால் இறுக்கிவிட்டு, மணியைக் கம்பியில் கோத்து நெருப்பில் காட்டிக் காட்டிப் பொடியில் முக்குவது.

வேலையின் தரத்தை மட்டும் பார்த்தால் சூளைதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சூடு. நெருப்பின் வாயு எனாமலைத் தொடுவதில்லை. கம்பி வைத்து அறை அறையாக நிறம் நிரப்பும் நுணுக்க வேலை, உள்ளங்கை அகலத் தகடு, பத்துப் பன்னிரண்டு முறை சுட வேண்டிய அடுக்கு நிறங்கள் எல்லாம் சூளைக்கே உரியவை. முக்கியமாகச் சிவப்பு. சிவப்பு, ஆரஞ்சுப் பொடிகளில் பலவற்றுக்கு நிறம் தருவது காட்மியமும் செலினியமும். ஆக்சிஜன் குறைந்த சுடர் பட்டால் அவை கருத்துப்போகும். சூடு கூடினாலும் கெட்டுவிடும். ஜெய்ப்பூரில் மீனாகாரி என்னும் எனாமல் நகை வேலை செய்கிறவர்கள் அதிகச் சூடு தாங்கும் நிறங்களை முதலில் சுட்டுவிட்டுச் சிவப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது சும்மா இல்லை.

ஆனால் வகுப்பில் கணக்கு வேறு. பத்துப் பேர், ஒரு சூளை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதக்கத்துக்கும் பின்பக்கம் ஒரு முறை, முன்பக்கம் இரண்டு முறை சூடு வேண்டும். ஆக முப்பது சுடுதல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம். கதவைத் திறக்கும்போது சூடு இறங்கிவிடும், அது மறுபடி ஏறவும் நேரம் வேண்டும். நான்கு நிமிடம் என்று வைத்தாலும் இரண்டு மணி நேரம் சூளை வாசலிலேயே போய்விடும். கண்காட்சி வகுப்புகளில் பல மூன்று மணி நேரம்தான். இரண்டு மூன்று துண்டுகளை ஒரே தாங்கியில் சேர்த்துச் சுடலாம், சரி. ஆனால் பக்கத்து ஆளின் வெள்ளை வெந்து முடியும்போது நம் நீலம் இன்னும் சொரசொரப்பாக இருக்கும். யாருக்காகக் கதவைத் திறப்பது?

மின்சாரமும் தலைவலிதான். அமெரிக்காவில் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். மேசைமேல் வைக்கும் சின்னச் சூளை ஒன்றே அதில் பெரும்பங்கை இழுத்துவிடும். இரண்டாவது சூளையை அதே இணைப்பில் மாட்டினால் பிரேக்கர் விழும், அறை இருட்டாகும். தனி இணைப்பு கேட்டால் மண்டபக்காரர்கள் தனியாகக் காசு கேட்பார்கள்.

டார்ச்சுக்கு வேறு விதமான தொல்லைகள். முதலில் அனுமதி. தீயணைப்பு விதிகள் ஊருக்கு ஊர் வேறு. திறந்த நெருப்பே கூடாது என்று சொல்லும் மண்டபங்கள் உண்டு. வாசல் பக்கம், தீயணைப்பான் அருகில், இத்தனை சிலிண்டருக்கு மேல் வேண்டாம் என்று நிபந்தனையோடு விடுபவையும் உண்டு. அடுத்தது, எரிவாயு சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. போய் இறங்கிய ஊரின் ஹார்டுவேர் கடையில்தான் வாங்க வேண்டும். மிச்சம் இருப்பதைக் குப்பையில் போடவும் கூடாது. காரில் வரும் மாணவர் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவதுதான் நடைமுறை.

எந்த வாயு என்பதையும் பார்க்க வேண்டும். சமையலறையில் சர்க்கரையைக் கருக்கப் பயன்படும் பியூட்டேன் டார்ச் கைக்கு அடக்கமானது, பார்க்கவும் பயம் தராது. ஆனால் சின்னக் காசளவு வட்டுக்கு மேல் அது திணறும். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில்தான் வாயுவாகவே மாறும். பிப்ரவரிக் காலைக் குளிரில் டூசான் கூடாரத்துக்குள் சுடர் சோம்பிப்போய்விடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் வாயுவாகும். மஞ்சள் சிலிண்டரில் வரும் மேப்-புரோ என்ற வாயு இன்னும் கொஞ்சம் சூடு கூட. பத்துப் பேருக்கு வகுப்பெடுப்பவர் பியூட்டேனை மறந்துவிடலாம்.

முக்காலி முறைக்கு வருவோம். அரை மில்லிமீட்டர் செம்பு வட்டு, அதன் மேல் பசைநீர், சின்னச் சல்லடையில் சலித்த பொடி. காய்ந்ததும் கம்பிவலையில் வைத்துச் சுடரைக் கீழிருந்து காட்ட வேண்டும். மேலிருந்து காட்டினால் பொடி பறக்கும், நிறம் அழுக்காகும். உள்ளே தெரியும் நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று அப்பால்தான் சூடு அதிகம். வட்டு அங்கே இருக்க வேண்டும். கூம்புக்குள்ளேயே வைத்துவிட்டு ஏன் உருகவில்லை என்று கேட்காத மாணவர் இல்லை.

இந்த முறையில் எனக்குப் பிடித்ததே எல்லாமே கண்முன் நடப்பதுதான். பொடி முதலில் கருக்கும். பிறகு சர்க்கரை படிந்தாற்போல் குருணை குருணையாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மேடும் பள்ளமுமாக நெளியும். ஆரஞ்சுத்தோல் கட்டம் என்று இதற்குப் பெயர். அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அந்தச் சொரசொரப்பு அவர்களுக்குப் பிடித்திருக்கும். இன்னும் சில நொடி விட்டால் பரப்பு முழுக்க ஈரம் பட்டதுபோல் மின்னும். உடனே சுடரை விலக்க வேண்டும். விலக்கியதும் சிவப்பு எனாமல் பூசிய வட்டு கன்றிப்போன பழுப்பாகத் தெரியும், மாணவர் முகம் தொங்கிப்போகும். ஒரு நிமிடம் பொறுத்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறம் திரும்பிவரும். சூளையில் இந்தக் கட்டங்களைக் கதவு இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடியும், அதுவும் ஒருவர் மட்டும். கற்றுக்கொடுப்பவருக்கு இது பெரிய இழப்பு.

வட்டின் பின்பக்கத்துக்கும் எனாமல் பூச வேண்டும் என்பதை டார்ச் வகுப்பில் சீக்கிரம் புரியவைக்கலாம். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருந்தால் மெல்லிய தகடு வளையும், எனாமல் விரிசல் விட்டுத் தெறிக்கும். பின்பக்கமும் பூசினால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். பூசாத செம்பில் படியும் கருப்பு ஆக்சைடைச் சூடான சிட்ரிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது சமையலறைச் சாமான் என்பதால் வகுப்பில் பயமில்லை.

மூன்றாவது, முக்கும் முறை. பாசிமணிக்காரர்களுக்கென்றே செய்தது போல இருக்கும். செம்பு மணியை எஃகுக் கம்பியில் கோத்து, சிவக்கும்வரை சுடரில் சுழற்றி, பொடிக் கிண்ணத்தில் ஒரு புரட்டு. மறுபடி சுடர், மறுபடி பொடி. மூன்று பூச்சில் மணி பளபளக்கும். பசை வேண்டாம், சல்லடை வேண்டாம், காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம். டார்ச் மேசையில் நிற்பதால் நெருப்பைக் கையில் பிடிக்கப் பயப்படுகிறவரும் செய்துவிடுவார். ஒரே ஒரு இடத்தில்தான் அவசரம்: மணி சூடாக இருக்கும்போதே கம்பியிலிருந்து தள்ளி வெர்மிகுலைட் என்னும் சூடு தாங்கும் கனிமத் துகள் நிரப்பிய தட்டில் விட வேண்டும். ஆறவிட்டால் கண்ணாடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இதன் விலை நிறத்தில் தெரியும். சுடர் நேராக எனாமல்மேல் படுவதால் தெளிந்த நிறத்தை எதிர்பார்க்கவே கூடாது. வெள்ளையின் ஓரத்தில் செம்பின் பச்சை ஏறும், தந்த நிறத்தில் புகைக்கோடு விழும். பழம்பொருள் போல் இருக்கிறது என்று சிலர் அதற்காகவே இதைத் தேடி வருகிறார்கள். எனக்கும் மண்நிற மணிகளில் அது அழகாகத்தான் படுகிறது. பளிச்சென்ற ஆரஞ்சுக்கு ஆசைப்பட்டவருக்கு ஏமாற்றம். பொடியும் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு முக்கலிலும் ஆக்சைடுச் செதிளும் வேறு நிறத் துகளும் கிண்ணத்தில் விழும். சலிக்கும் முறையில் சிந்தியதைத் தாளோடு எடுத்து மறுபடி டப்பாவில் கொட்டிவிடலாம்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம், அது கண்ணாடித் தூசி. கென்டக்கியின் தாம்சன் எனாமல் போன்ற தயாரிப்பாளர்களிடம் ஈயமில்லாத பொடியே கிடைக்கிறது. பழைய சரக்கு மேசைகளில் மலிவாகக் கிடைக்கும் பேர் தெரியாத டப்பாக்களில் ஈயம் இருக்கலாம். வகுப்பறைக்குள் அவை வேண்டவே வேண்டாம்.

என் கணக்கு இப்படி. மூன்று மணி நேர வகுப்பு, வருகிறவர்கள் மணி கோப்பவர்கள் என்றால் முக்கும் முறை. கையில் ஏழெட்டு மணியோடு கிளம்புவார்கள், அன்றிரவே கோத்துவிடலாம். முழுநாள் வகுப்பு என்றால் முக்காலி. எனாமல் எப்படி வேலை செய்கிறது என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் சொல்லித்தராது. சூளை வகுப்பைக் கண்காட்சியில் வைப்பதற்கு நான் எதிர்க்கட்சி. சூளையோடு நிலையாக இருக்கிற பட்டறைக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்வதே அதற்குச் சரி.

பணம் கொடுத்துச் சேருகிறவர்கள் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆளுக்கொரு டார்ச்சா, இரண்டு பேருக்கு ஒன்றா? இரண்டு பேருக்கு ஒன்று என்றால் பாதி நேரம் வேடிக்கைதான். வகுப்புக் கட்டணத்துக்கு மேல் பொருள் கட்டணம் தனியாக வாங்குவார்கள். அதில் செம்பும் பொடியும் மட்டுமா, கருவியும் வீட்டுக்கு வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு, கராஜ் இருப்பவருக்கு டார்ச் தலையும் ஒரு சிலிண்டரும் போதும், செலவு நூறு டாலருக்குள் அடங்கும். அடுக்குமாடியில் சிலிண்டர் வைக்க அனுமதி இல்லாதவர்களும், சிவப்பை விட மனமில்லாதவர்களும் மின்சூளைக்குப் பல நூறு டாலர் சேர்க்கத்தான் வேண்டும். வாங்கும்போது முன்பக்கம் கதவு திறக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மேல்மூடி திறக்கும் மட்பாண்டச் சூளையில் செந்தணலாக இருக்கும் தாங்கியைக் குனிந்து எடுப்பது கைக்கு நல்லதில்லை.