‘தீர்க்கதரிசனம்’ சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீங்க: காரைக்குடிப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் எங்கள் பங்கு இளையோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் தீர்க்கதரிசன முகாம். கீழே கூகுள் ஃபார்ம் லிங்க், பக்கத்தில் காணிக்கைக்குக் க்யூஆர் கோடு. ஃபார்மைத் திறந்து பார்த்தேன். பெயர், போன் நம்பர், அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, ஜெபக் குறிப்பு என்று வரிசையாகக் கேள்விகள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2013-ல் இதே கேள்விகளை மஞ்சள் தாளில் அச்சடித்து என்னிடம் நீட்டினார்கள். இந்தப் போஸ்டர் போட்டவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அந்த மஞ்சள் தாளால் எனக்கு என்ன ஆனது என்பதை நீங்கள் தெரிந்துகொண்ட பிறகு ஃபார்மை நிரப்புங்கள்.

அப்போது எனக்கு 20 வயது. காரைக்குடியில் காலேஜ் இரண்டாம் வருஷம், மூன்று பேப்பர் அரியர். அப்பாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. வீட்டில் அம்மா, அப்பத்தா, தங்கச்சி. நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஆர்.சி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ஆனால் மனசு ஒட்டாது. பாட்டு, பிரசங்கம், நற்கருணை, வீட்டுக்கு வந்தால் கறிக்குழம்பு. கடவுள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று ஏக்கமாக இருந்தது. அந்த ஏக்கம் தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

காலேஜ் வாசலில் ஒருவர் அந்தத் தாளைக் கொடுத்தார். அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா போன் பண்ணினார். “தம்பி, உங்களுக்காகத்தான் முழங்கால்ல நிக்கிறோம். மனசுல என்ன பாரம் இருந்தாலும் சொல்லுங்க” என்றார். இருபது நிமிஷம் பேசினேன். அப்பாவுக்குச் சிமெண்ட் தூசியில் ராத்திரியெல்லாம் இருமல் வருவது, அரியர், தங்கச்சிக்கு நகை சேர்க்க அம்மா சீட்டுக் கட்டுவது, நான் மலேசியா போக ஆசைப்பட்டது, எல்லாம் சொன்னேன். அந்த அக்கா எனக்காக அழுதார். எங்கள் வீட்டில்கூட யாரும் என் கதையை அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

அவர்களுடைய முகாமுக்குப் போனேன். மூன்றாம் நாள் ராத்திரி. கீபோர்டு, டிரம்ஸ், பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, “சிமெண்ட் தூசியிலே இருமுகிற ஒரு தகப்பனை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார். அவருடைய மகன் இந்த மண்டபத்திலே இருக்கிறான். கடல் கடந்து ஒரு கதவு அவனுக்குத் திறக்கிறது” என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. விழுந்து அழுதேன். நான் போனில் சொன்னதுதான் மைக்கில் திரும்பி வருகிறது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அந்த இருபது நிமிஷப் பேச்சு மறந்தே போய்விட்டது. இதை நன்றாக மனசில் வையுங்கள், அவர்கள் வேலை செய்கிற விதமே இதுதான். உங்களைப் பற்றி ஒருவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பதற்குள் உங்களை அழ வைத்துவிடுவார்கள்.

கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார்கள். கதவு திறக்க ‘விதை’ விதைக்க வேண்டுமாம். “உனக்கு வலிக்கிற தொகையைக் கொடு தம்பி. வலிக்கலைன்னா அது விதை இல்ல. தொண்ணூறே நாள்.” கூடவே 500 ரூபாய்க்கு ஒரு அபிஷேக எண்ணெய் பாட்டில்.

எங்கள் வீட்டு அரிசி டிரம்மில், அரிசிக்குள் புதைத்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அம்மா சீட்டுப் பணத்தை வைத்திருந்தார். மறுநாள் எல்லோரும் பூசைக்குப் போன நேரத்தில் கையை விட்டு எடுத்தேன். 15,000 ரூபாய். முழங்கை வரை அரிசி மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. கழுவிக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போய், மேடையில் பேசியவரிடம் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அதையே நான் பெரிய பரிசுத்தம் என்று நினைத்தேன்.

தொண்ணூறு நாள் ஓடியது. எந்தக் கதவும் திறக்கவில்லை. போன் பண்ணினேன். “விதை நல்ல விதைதான், நிலம் சரியில்ல. உன் விசுவாசம் குறைவு” என்றார்கள். இன்னும் 10,000 கேட்டார்கள். இல்லை என்றதும் என் நம்பரை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அந்த எண்ணெய் பாட்டில் லேபிள் ஒரு நாள் ஓரத்தில் கிளம்பியது. கிழித்துப் பார்த்தால் உள்ளே கடையில் விற்கிற தேங்காய் எண்ணெயின் லேபிள்.

பணம் போனதைவிட அந்த ஒரு வார்த்தை என்னை அதிகமாக அரித்தது. என் விசுவாசம் குறைவு, அதனால்தான் அப்பா இருமல் நிற்கவில்லை என்றே நம்பினேன். ஆறு மாசம் ஜெபமே பண்ணவில்லை. ஏமாற்றுகிறவர்கள் பணத்தோடு போனால் பரவாயில்லை, ஒரு பிள்ளைக்கும் கடவுளுக்கும் நடுவில் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதற்குள் வீட்டில் இன்னொன்று நடந்துவிட்டது. அந்த வாரம் பள்ளத்தூர்ச் சித்தி எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தார். பணம் குறைந்தது தெரிந்ததும் அம்மா நேரே அவரிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்காமலே பேச்சைக் குறைத்தார். சித்திக்குப் புரிந்துவிட்டது. வருவதை நிறுத்திவிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு படித்தவன் ஒருவனின் அப்பா தேவகோட்டைப் பக்கம் ஒரு சின்னச் சபைக்குப் பாஸ்டர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சைக்கிளில்தான் ஊழியத்துக்குப் போவார். அவரிடம்தான் முதலில் வாய் திறந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்னு மத்தேயு 10:8-ல இருக்கு. வரத்துக்கு விலை சொல்றவன் யாரா இருந்தாலும் எழுந்து வந்துரு” என்றார். பிறகு மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறவர்களை இயேசு கண்டிக்கிற இடம். வாசித்துக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் குரல் நின்றுவிட்டது. அதுவரைக்கும் நான் ஏமாற்றப்பட்டவன் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அதனால், பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் எல்லாம் இப்படித்தான் என்று இதைப் படித்துவிட்டு யாரும் பேச வேண்டாம். என்னைத் தூக்கிவிட்டவரும் ஒரு பாஸ்டர்தான்.

தவக்காலத்தில் அப்பத்தாவோடு ஓரியூருக்குப் போனேன். அது புனித அருளானந்தர் உயிர் விட்ட ஊர். அவர் போர்ச்சுகலின் லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டுக் காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு மறவ நாட்டில் அலைந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அன்றைக்குச் சாம்பல் புதன். அப்பத்தா அங்கே செம்மண்ணைக் கிள்ளி என் நெற்றியில் பூசினார். கதவு திறக்கும், வேலை கிடைக்கும் என்று ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாரு” என்றார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து எங்கள் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். சின்ன வயசுத் தப்பு, விடுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் விடவில்லை. “புனித அகுஸ்தினார் பதினாறு வயசுல கூட்டாளிகளோட சேர்ந்து பேரிக்காய் திருடினார். பசிக்காக இல்ல. பன்னிக்குத்தான் போட்டார். பிஷப் ஆன பிறகும் அதை உக்காந்து யோசிச்சு எழுதினார். நீயும் யோசி, ஏன் உனக்குக் குறுக்குவழி வேணும்னு தோணுச்சு?” என்றார். அம்மாவிடமும் சித்தியிடமும் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், பணத்தை உழைத்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

அம்மாவிடம் சொன்னது கஷ்டம். பள்ளத்தூரில் சித்தியிடம் சொன்னது அதைவிடக் கஷ்டம். அவர் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, “எங்க அக்கா வீட்டுப் படிய மிதிச்சு எத்தன மாசம் ஆச்சு தெரியுமாடா” என்று மட்டும் கேட்டார்.

சனி ஞாயிறும் கோடை லீவும் அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். நாள் கூலி 250 ரூபாய், அறுபது நாள் வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்ற வேண்டும். அச்சை நேராகத் தூக்கினால்தான் பூ கலையாது. மேலே மணல் கலவை, அதற்கு மேல் சிமெண்ட். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட வேண்டும். நான் அவசரப்பட்டுக் கண்ணாடியை உரித்து முதல் வாரத்திலேயே நாலு கல்லைக் கெடுத்தேன். அப்பா கெட்ட கல்லை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த தகட்டைத் துடைத்து என் முன்னால் வைத்தார். ஜெபம் எனக்குத் திரும்ப வந்தது அந்தப் பட்டறையில்தான். சத்தமில்லாமல், வேலை நடுவில், சின்னச் சின்னதாக.

போலீசுக்கு நான் போகவில்லை, வெட்கம். அது தப்பு. நான் போயிருந்தால் எனக்குப் பின்னால் நாலு பேர் தப்பித்திருப்பார்கள். நீங்கள் போங்கள். ஜிபே, க்யூஆர் வழியாகப் பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கஷ்டம். கையில் கொடுத்திருந்தால் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கான பழைய 420 பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 318 ஆகியிருக்கிறது. போஸ்டர், போன் நம்பர், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ஃபார்மில் வீட்டு விவரம் எழுதிவிட்டால், பிறகு மேடையிலோ போனிலோ உங்கள் வீட்டுக் கதையை யார் சொன்னாலும் அந்த ஃபார்மை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழிக்கிற தம்பி தங்கை யாராவது இருந்தால் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், எந்த ஊரானாலும் சரி. உங்கள் அம்மாவிடம் சொல்லப் போகும்போது நானும் கூட வருகிறேன்.