விடியல் பயணம், மூத்தோர் டோக்கன், மாதப் பாஸ்: எது கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

தமிழ்நாட்டு அரசு பஸ்களில் கிடைக்கும் சலுகைகளில் மிகச் சிறப்பாக வடிவமைக்கப்பட்டது மகளிர் விடியல் பயணம்தான். 2021 மே மாதம் தொடங்கிய திட்டம். விண்ணப்பம் இல்லை, ஆதார் காட்ட வேண்டியதில்லை, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. ஏறியதும் கட்டணமில்லா டிக்கெட்டை வாங்கிக்கொண்டால் போதும். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணையாளருக்கும் இது உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்துக்கு அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான அடையாள அட்டை வேண்டும். ஆனால் அங்கே வெளியூர் போகும் சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸிலும்கூட இலவசமாகப் போகலாம். இங்கே சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸோடு சரி. மலைப் பகுதிகளுக்கு மட்டும் 2024இல் தனியாக நீட்டித்தார்கள்.

'சாதாரணக் கட்டணம்' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. சென்னையில் ஒரே தடம் எண்ணில் சாதாரணக் கட்டணத்துக்கான வெள்ளை போர்டு பஸ்ஸும் ஓடும், எக்ஸ்பிரஸும் டீலக்ஸும் ஓடும். எண்ணைப் பார்த்து ஏறினால் காசு கொடுக்க வேண்டி வரலாம். போர்டைப் பார்த்து ஏற வேண்டும். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த பஸ் என்றால் சந்தேகமே வேண்டாம்.

பஸ் குறைவது இரண்டு விதமாக நடக்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: சிங்கிள் கட், அதாவது ஒரு நடையையே ரத்து செய்வது. டிரைவரோ கண்டக்டரோ வராமல், மாற்று ஆளும் கிடைக்காவிட்டால் பஸ் டிப்போவை விட்டு நகராது. ஒரே பஸ் போய்வரும் கிராமத்துத் தடத்தில் காலை நடை விழுந்தால் பள்ளியும் வேலையும் சேர்ந்து போகும். நெரிசலில் தாமதமாகும் பஸ்ஸைப் பாதி வழியிலேயே திருப்பிக் கட் சர்வீஸாக விடுவார்கள். கடைசி ஸ்டாப் ஆட்கள் காத்துக்கொண்டே நிற்பார்கள்.

இரண்டாவது விதம் கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே மோசமானது. தடத்தில் பஸ் எண்ணிக்கை குறையாது, வெள்ளை போர்டு மட்டும் எக்ஸ்பிரஸாக மாறும். பட்டியலில் பத்து பஸ் பத்தாகவே இருக்கும். இலவசமாக ஏறக்கூடியது ஆறோ நான்கோ ஆகிவிடும்.

'இலவசம் கொடுத்ததால்தான் பஸ் குறைந்தது' என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. போக்குவரத்துக் கழகங்கள் இந்தப் பயணத்தைச் சும்மா தருவதில்லை, அரசு ஈடு செய்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ரூபாய். கழகங்களின் நஷ்டம் 2021க்கு முன்பே இருந்தது. டீசல் விலை, நிலுவையில் நின்ற ஓய்வூதியப் பலன்கள், ஆண்டுக்கணக்கில் நிரப்பாத டிரைவர் பணியிடங்கள் என்று அதற்குப் பழைய காரணங்கள் உண்டு. பொதுவான கட்டண உயர்வு கடைசியாக வந்தது 2018 ஜனவரியில். இன்னொரு பக்கம், பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அது சிறிய தொகை அல்ல.

வசதியுள்ளவர்களை விலக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். அதற்கு அட்டை, சான்றிதழ், கவுண்டர் வரிசை எல்லாம் வேண்டும். திட்டத்தின் ஆகப் பெரிய பலமே அங்கே போய்விடும். சரிசெய்ய வேண்டியது கணக்கை. ஏறியவருக்குத்தான் டிக்கெட் அடிக்கிறார்கள், பஸ் வராமல் ஸ்டாப்பில் நின்றவர் எந்தக் கணக்கிலும் இல்லை. நடையைக் குறைத்தால் பயணிகள் எண்ணிக்கையும் குறைந்து, அந்தக் குறைவே அடுத்த குறைப்புக்குக் காரணமாகக் காட்டப்படலாம். ஆகவே இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் இருக்காதீர்கள்.

மூத்தோர் டோக்கன் சென்னை மாநகர பஸ்ஸுக்கு மட்டும். 60 வயது நிரம்பியவர்களுக்கு மாதம் 10, ஆறு மாதத்துக்குச் சேர்த்துத் தருகிறார்கள். ரேஷன் கார்டு, வயதுச் சான்று, போட்டோ வேண்டும். ஏசி பஸ்ஸில் செல்லாது. பத்து டோக்கன் என்றால் ஐந்து முறை போய்வரலாம். வழியில் ஒரு பஸ் மாற வேண்டியிருந்தால் இரண்டு முறைதான், மிச்சம் இரண்டு டோக்கன். வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு நேர் பஸ் இருந்தாலே மாதம் 16 வேண்டும். இந்த எண்ணிக்கையை உயர்த்தியே ஆக வேண்டும். வயதான பெண்கள் வெள்ளை போர்டில் டோக்கனைச் செலவழிக்காமல் எக்ஸ்பிரஸுக்கும் டீலக்ஸுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

சென்னை மாநகர பஸ்ஸில் மாதப் பாஸ் 1,000 ரூபாய்; ஏசி பஸ்ஸையும் சேர்த்தால் 2,000. மாதம் 25 நாள் வேலை என்றால் 50 நடை, ஒரு நடைக்கு 20 ரூபாய். ஒரு வழிக்கு அதற்கு மேல் செலவாகிறவர்களுக்கு லாபம். மாலையில் வெள்ளை போர்டை நம்ப முடியாத தடத்தில் பெண்களும் இதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படியானால் அந்தத் தடத்தில் இலவசம் பெயரளவுக்குத்தான்.

புகாருக்கு 149 என்ற எண்ணை அழைக்கலாம். 'பஸ்ஸே வரல' என்று மட்டும் சொன்னால் பலன் இருக்காது. தடம் எண், எந்த போர்டு, ஸ்டாப், வர வேண்டிய நேரம், எத்தனை நாளாக வரவில்லை என்று சொல்லுங்கள். கிராமத்துத் தடமென்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலோடு கிளை மேலாளரிடம் மனு கொடுக்கலாம். அதுவும் நகரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: இந்தத் தடத்தில் கடந்த ஆறு மாதங்களில் மாதவாரியாகத் திட்டமிட்ட சாதாரணக் கட்டண நடைகள் எத்தனை, ஓடியவை எத்தனை, எக்ஸ்பிரஸாக மாற்றியவை எத்தனை. 30 நாளில் பதில் தர வேண்டும்.