ஹெட்டை இறக்காமல் வால்வு சீல்: காற்றா, கயிறா, பிஸ்டனா?

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று ஒருமுறை நீலப்புகை, பிறகு சுத்தம். சிக்னலில் இரண்டு நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் மறுபடி ஒரு குப். கம்ப்ரஷன் பார்த்தால் எல்லா சிலிண்டரிலும் சரியாக இருக்கிறது. இப்படி இருந்தால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வு சீல் காய்ந்து இறுகிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஏற்றத்தில் விடாமல் புகைகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் காற்று தள்ளுகிறது என்றால் அது பிஸ்டன் ரிங் வேலை. அதற்கு இங்கே சொல்லும் எதுவும் உதவாது.

சீலை மாற்ற வால்வு ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கி, அதை வால்வுத் தண்டோடு பூட்டும் இரண்டு லாக்கையும் எடுத்த நொடியில் வால்வைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. அது சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால் ஹெட்டை (சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும், வால்வுகள் உள்ள பாகம்) இறக்கியே தீர வேண்டும். அதைக் கீழிருந்து தாங்க மூன்று வழிகள் உண்டு.

காற்று

ஸ்பார்க் பிளக் ஓட்டையில் அடாப்டரை முறுக்கி 80 முதல் 100 பிஎஸ்ஐ காற்றை விட்டால், வால்வு தன் சீட்டோடு (மூடும்போது அது உட்காரும் வளையம்) ஒட்டி நிற்கும். கம்ப்ரஷன் கேஜின் ஹோஸையே அடாப்டராக்கிக்கொள்ளலாம். அதன் முனையில் இருக்கும் சின்ன வால்வு ஊசியைக் கழற்றிவிட வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்பு இதற்குத் தாங்காது, டேங்க் உள்ள கம்ப்ரஸர் தேவை.

பலர் யோசிக்காத இடம் ஒன்று உண்டு. மாருதி 800, ஆம்னியில் வந்த 796 சிசி இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மில்லிமீட்டர். 100 பிஎஸ்ஐ விட்டால் பிஸ்டன் தலைமேல் ஏறத்தாழ 250 கிலோ அழுத்தம் விழும். பிஸ்டன் உச்சியிலிருந்து சில டிகிரி விலகியிருந்தாலும், பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு சடாரென்று சுழலும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடியே காற்றைத் திறப்பவர் கை உடையும். ஸ்பேனரைக் கழற்று, கியரில் போடு, ஹேண்ட் பிரேக்கை இழு, பிறகே காற்று.

இன்னொரு பலவீனம், சீட் தேய்ந்த வால்வில் காற்று கசிந்துகொண்டே இருக்கும், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். பாதி வேலையில் கரண்ட் போனால் டேங்கில் மிச்சம் உள்ள காற்றுதான் துணை. பிஸ்டனை உச்சியில் வைத்திருந்தால் அப்போதும் பெரும்பாலும் பெரிய சேதம் வராது.

கயிறு

மெனக்கெடும் வேலைதான், ஆனால் வீட்டில் செய்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 60 டிகிரி முன்னால் நிற்கும்போது, பிளக் ஓட்டை வழியாக 6 முதல் 8 மில்லிமீட்டர் பின்னல் நைலான் கயிற்றை ஒன்றரை மீட்டர் வரை உள்ளே தள்ளவும். வெளிமுனையில் முடிச்சுப் போட மறக்கக் கூடாது. பிறகு கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினால் கயிறு நசுங்கி மெத்தை போல வால்வுகளைத் தாங்கும். கம்ப்ரஸரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கசியும் வால்வையும் இது தாங்கும்.

தேங்காய் நார்க் கயிறு, பிரிந்த பழைய கயிறு இரண்டும் ஆகாது. நார் உள்ளே தங்கிவிடும். வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர் மாட்டியிருக்கும்போது தவறான ஸ்ட்ரோக்கில் கயிற்றை நுழைத்தால், திறந்து நிற்கும் வால்வு மேல் கயிறு அழுத்தி வால்வு வளையும். முன்பே ராக்கரை இயக்கும் கேமைக் கழற்றியிருந்தால் எல்லா வால்வும் மூடியிருக்கும், அந்தப் பயம் இல்லை. கேமைச் செயின் சுற்றும் இன்ஜின் என்றால் செயினைக் கம்பியால் இழுத்துக் கட்டிய பிறகே கிராங்கைத் தொட வேண்டும்.

பிஸ்டன் மட்டும்

உச்சியில் நிற்கும் பிஸ்டன் மேலேயே வால்வை உட்காரவிடுவது. பெட்ரோல் இன்ஜினில், அதுவும் வால்வு சாய்ந்திருந்தால், எவ்வளவு இறங்கும் என்று இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். நம்பிச் செய்யக் கூடாது. வால்வு நேராக நிற்கும் டீசல் இன்ஜினில் இதுதான் சரியான வழி. உச்சியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் வால்வு கொஞ்சம்தான் இறங்கும், காந்தத்தால் தூக்கிக்கொள்ளலாம். அங்கே கயிற்றை நுழைக்க ஸ்பார்க் பிளக் ஓட்டையும் இல்லை.

நான்கு சிலிண்டரில் 1, 4 ஒன்றாகவும் 2, 3 ஒன்றாகவும் உச்சிக்கு வரும். மூன்று சிலிண்டரில் ஒவ்வொன்றுக்கும் 120 டிகிரி தனித்தனியாகச் சுற்ற வேண்டும்.

ஹெட்டை இறக்குவதே மேல் என்றால்

100 முதல் 150 சிசி பைக்குக்கு இந்த வித்தை எதுவும் தேவையில்லை. நாலு நட்டைக் கழற்றினால் ஹெட் கையில் வந்துவிடும். மேஜைமேல் வைத்து வால்வை லேப்பிங்கும் (சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) செய்துவிடலாம். காரில் ஹெட் என்றால் கேஸ்கெட், கூலன்ட், பல இன்ஜின்களில் புது ஹெட் போல்ட் என்று செலவு நீளும். ஆனாலும் ஸ்பிரிங் எடுத்த பிறகு வால்வு தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால், தண்டு ஓடும் குழாயான கைடு தேய்ந்திருக்கிறது. அதன்மேல் புது சீல் போட்டால் சில மாதத்தில் மறுபடி புகை. அந்த ஹெட் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்று வழிக்கும் பொதுவான கைவேலை

ஸ்பிரிங் அமுக்க, ஹெட்டில் போல்ட் மாட்டி நெம்பும் டூல் வேண்டும்; சி வடிவக் கிளாம்ப் ஹெட் வண்டியில் இருக்கும்போது மாட்டவே மாட்டாது. அமுக்கும் முன் ரிடெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் தட்டு) மேல் சாக்கெட் வைத்து லேசாக ஒரு தட்டு தட்டினால் ஒட்டியிருக்கும் லாக் விடும். அதற்கும் முன்னால் ஆயில் இறங்கும் ஓட்டைகள் எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். லாக் இன்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்புக்குள் போனால் அடுத்த நாள் சம்பைக் கழற்றும் வேலை.

பழைய சீலைப் பிளையரால் திருகியபடி இழுக்கவும், கைடில் கீறல் விழக் கூடாது. புது சீல் மாட்டும்போது தண்டின் நுனிப் பள்ளத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடி ஆயில் தடவவும். உறை இல்லாமல் மாட்டினால் அந்தப் பள்ளத்தின் விளிம்பே சீலின் உதட்டை அறுத்துவிடும். இன்டேக், எக்ஸாஸ்ட் சீல் பல இன்ஜினில் வேறு வேறு, மாற்றி மாட்டாதீர்கள். சுருள் நெருக்கம் ஒரு பக்கம் அதிகமாக உள்ள ஸ்பிரிங் என்றால் நெருக்கமான பக்கம் ஹெட்டைப் பார்க்க வேண்டும். லாக் உட்கார்ந்ததும் தண்டு நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி உறுதி செய்துகொண்டு, கடைசியில் டேப்பெட் கேப்பை (வால்வுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) சரிபார்க்கவும். முதல் சில ஓட்டங்களில் புகை வந்தால் பயம் வேண்டாம், சைலன்சரில் தேங்கிய பழைய ஆயில் எரிகிறது.