ஒரே பெட்டியில் ஹோம் சர்வரும் கேமிங்கும்: மதுரை வெயிலிலும் மின்தடையிலும் பி550 போர்டு

கேம் ஓட எந்த மதர்போர்டும் போதும். போர்டைச் சோதிப்பது சர்வர் வேலைதான். கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததுமே பேச்சு ஆர்ஜிபி லைட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் போய்விடும். பார்க்க வேண்டியது, எது எதோடு இணைகிறது என்று காட்டும் மேனுவலின் பிளாக் டயகிராம்.

இங்கே எடுத்துக்கொண்டது ஏடிஎக்ஸ் அளவு பி550 போர்டு, ரைசன் 7 5700எக்ஸ், 32 ஜிபி இசிசி (பிழையைத் தானே திருத்தும்) ராம் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு, நான்கு ஹார்ட் டிஸ்க். அடியில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), கேமுக்கு அதற்குள் ஒரு விண்டோஸ் விஎம் (மெய்நிகர் கணினி).

பி550-இல் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் முதல் எம்.2-வும் (எஸ்எஸ்டி செருகும் இடம்) சிபியுவோடு நேரடித் தொடர்பு. இரண்டாவது எம்.2, லேன் (நெட்வொர்க் போர்ட்), இரண்டாவது நீள ஸ்லாட், சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) எல்லாம் போர்டின் துணைச் சிப்பான சிப்செட் வழியாக, பிசிஐஇ 3.0-வின் 4 பாதைகளில் நெருக்கியடித்துப் போகின்றன. அது வினாடிக்கு ஏறத்தாழ 4 ஜிபி. நான்கு ஹார்ட் டிஸ்க் முழு மூச்சில் ஓடினாலும் 1 ஜிபி அளவுதான் வரும், ஆகவே வேகம் பிரச்சினையில்லை. பங்கு போடுவதுதான் பிரச்சினை. பல போர்டுகளில் இரண்டாவது எம்.2-வில் எதையாவது செருகினால் சாட்டா 5, 6 செத்துவிடும். டிஸ்க் பழுது என்று மாற்றக் கொண்டுபோகுமுன் மேனுவலின் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

அடுத்த பொறி ஐஓஎம்எம்யு குழு, அதாவது விஎம்முக்குச் சேர்த்தே கொடுக்க வேண்டிய சாதனங்களின் தொகுப்பு. கிராபிக்ஸ் கார்டு தனிக் குழுவில் நிற்பதால் விஎம்முக்குச் சிக்கலின்றிப் போகும். சிப்செட்டில் தொங்குபவை பெரும்பாலும் ஒரே குழு. டிஸ்க் கன்ட்ரோலரை மட்டும் ஒரு நாஸ் (கோப்புச் சேமிப்பு) விஎம்முக்குக் கொடுக்க நினைத்தால் லேனும் கூடவே போய்விடும். ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற லினக்ஸ் அமைப்பைப் போட்டுப் பிரிக்கலாம், ஆனால் அது பிரித்ததாகக் காட்டும் கண்கட்டு, உண்மையான தடுப்பு அல்ல. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ்ஸை ஹோஸ்டிலேயே (அடியில் இருக்கும் பிராக்ஸ்மாக்ஸில்) வைத்துவிடுவது நிம்மதி. நாஸ் விஎம் வேண்டவே வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்570 மேல், அதன் குழுக்கள் நன்றாகப் பிரிந்திருக்கும். ஆனால் அதில் பெரும்பாலான போர்டுகளில் சிப்செட் மேலே ஒரு குட்டி விசிறி உண்டு. 24 மணி நேரமும் ஓடி நம் ஊர்ப் புழுதியை இழுக்கும். எக்ஸ்570எஸ் கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

5700எக்ஸில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது. விஎம் கார்டைப் பிடித்துக்கொண்டால் ஹோஸ்டுக்குத் திரையே இருக்காது. புதிதாக ஒரு என்விஎம்இ (எம்.2-வில் போடும் வேக எஸ்எஸ்டி) செருகும்போது பிசிஐஇ எண்கள் நகர்ந்து லேனின் பெயர் மாறும். பிராக்ஸ்மாக்ஸ் பழைய பெயரையே தேடி நெட்வொர்க்கை இழக்கும். திரையும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை! லேன் பெயரை மேக் முகவரியோடு (அந்த லேனின் மாறாத அடையாள எண்) முதல் நாளே கட்டிவைத்துவிட்டால் இந்தக் கண்ணாமூச்சி தேவைப்படாது.

இசிசி ராம் வாங்குமுன் சிபியுவையும் பாருங்கள். 5600ஜி, 5700ஜி இரண்டிலும் இசிசி வேலை செய்யாது, ஜி வகையில் ப்ரோ என்று பெயரில் இருப்பதற்குத்தான் உண்டு. டிஎம்ஐடிகோட் என்ற லினக்ஸ் கட்டளை ராமின் மொத்த அகலம் 72, டேட்டா அகலம் 64 என்று காட்டுகிறதா பாருங்கள். இரண்டும் 64 என்றால் இசிசிக்குக் கொடுத்த காசு வீண்.

இனி மின்சாரம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்திறன் திருத்தும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கும், சைன் வேவ் வேண்டும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், எஸ்எம்பிஎஸ் தாங்குவதோ ஏறத்தாழ 16 மில்லி வினாடி. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட் போனால் மதியம் தாண்டியும் வராது. பேட்டரி தீருமுன், சர்வருக்கென வைத்த தனி யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வழியாகச் செய்தி போய் சர்வர் தானே அணைய வேண்டும். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் திரும்பும்போது 'பழைய நிலை' என்று வைத்திருந்தால், முறையாக அணைந்த மெஷின் கரண்ட் வந்தாலும் எழாது, ஏனென்றால் அதன் பழைய நிலையே 'ஆஃப்'. 'பவர் ஆன்' என்று வையுங்கள். அப்போதும் ஓர் ஓட்டை உண்டு. சர்வர் அணைந்தபின் யுபிஎஸ் சப்ளையை நிறுத்துமுன்னரே கரண்ட் வந்துவிட்டால், போர்டுக்கு மின்தடையே தெரியாது. அப்போது எழுப்ப, நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்பும் வேக்-ஆன்-லேன்தான் கதி. அணைந்தபின் மின்சாரத்தைச் சேமிக்கும் இஆர்பி அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அதுவும் வேலை செய்யாது.

சராசரி 70 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 100 யூனிட். விஎம்மை நிறுத்தினால் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். டிரைவர் இல்லாத கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போதும் கூடுதலாகக் குடிக்கலாம்.

மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் கத்திரி வெயிலில் முதல் எம்.2-வுக்குத்தான் முதல் அடி. பல போர்டுகளில் அது கிராபிக்ஸ் கார்டை ஒட்டியே இருக்கிறது. சர்வரின் என்விஎம்இ-யைச் சிப்செட் ஸ்லாட்டில் வைத்து, கேம் டிஸ்க்கை மேலே போடுங்கள்.

பயாஸ் அப்டேட் செய்தால் எஸ்விஎம் (விஎம் ஓட்டும் வசதி), ஐஓஎம்எம்யு, பவர் ஆன் மூன்றும் கம்பெனி வைத்த நிலைக்கே திரும்பிவிடக்கூடும். விஎம் எழாதபோது முதலில் அங்கே பாருங்கள். அப்டேட்டுக்கு முன் அந்த மூன்று திரைகளையும் போனில் படம் எடுத்துவையுங்கள்.