காது டாக்டரைப் பார்க்கக் காது கேட்க வேண்டும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ். காதுக்குள் செருகும் மெஷின் சரிப்படாமல், லண்டனில் காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியம் திருகு வைத்தார்கள். அதன் தலை தோலைத் தாண்டி வெளியே நிற்கும். கருவியை அதில் மாட்டினால் எலும்பு வழியாகச் சத்தம் போகும். 1977இல் ஸ்வீடனில் தொடங்கிய வைத்தியம். எலும்பு டைட்டானியத்தோடு இறுகிவிடும், தோல் ஒட்டாது. அந்த இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் வம்புதான். கும்பகோணத்து அக்னி நட்சத்திரம் சும்மா விடுமா? சுற்றிலும் சிவந்து கசிய ஆரம்பித்தது. பெரியம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வருவதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டேன்.

தனியார் ஆஸ்பத்திரி, பளபளவென்று கிரானைட் தரை. வலியால் கருவியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், சுவரில் பெரிய டிவி. நம்பர் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முழு உடல் பரிசோதனை விளம்பரம்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கதவருகே ஒரு பெண் வாயசைப்பதும் யாராவது எழுந்து போவதுமாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! காது, மூக்கு, தொண்டைப் பிரிவில்! எனக்குப் பின்னால் வந்தவர்கள் மருந்துச் சீட்டோடு வீட்டுக்கே போய்விட்டார்கள். போய்க் கேட்டால், "மூணு தடவை கூப்பிட்டோம் சார்" என்று சீட்டில் எழுதிக் காட்டினார் அந்தப் பெண். எழுதத் தெரிந்திருக்கிறதே! லண்டனில் நர்ஸ் எதிரே வந்து நின்று முகம் பார்த்துக் கூப்பிடுவார். அங்கே அந்த நாற்காலியில் உட்காரவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அது வேறு கதை.

உள்ளே நர்ஸ், "காக்ளியரா?" என்றார். காக்ளியர் என்பது உள்காதில் வைக்கும் கருவி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு வைப்பதால் அது எல்லோருக்கும் தெரியும். அதில் தோலைத் துளைத்து வெளியே எதுவும் துருத்தாது, தோலுக்கு அடியில் காந்தம் இருக்கும், வெளிக்கருவி தன் காந்தத்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளிக்காந்தம் ரொம்ப இறுக்கினால் அங்கேயும் தோல் புண்ணாகும். டாக்டருக்கு மட்டும் என் திருகு பழக்கமானது. தோல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்களாம், எனக்கு 2. சதை வளரவில்லை, திருகை எடுக்கத் தேவையில்லை. சலைனில் பொருக்கை ஊறவைத்து எடுத்தார், களிம்பு தடவினார், திருகின் கழுத்தைச் சுற்றி நாடா மாதிரி காஸ் துணியை இறுக்காமல் சுற்றினார். அவ்வளவு பதவிசான கை. சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து வைக்கவும், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அந்தப் பக்கம் போகாமல் இருக்கவும் சொன்னார்.

வெளியே வந்ததும் மேனேஜரிடம் டிவியில் நம்பர் போடச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே சீட்டின் பின்பக்கம் எழுதினார்: "அடுத்த தடவை காது கேக்கிறவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க சார்."