எம்ஜிபியை ரேஸ் காராக மாற்றி ஓட்டியதில் கண்டது

பிரிட்டிஷ் எம்ஜி நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ஒன்றை வாங்கி, ரேஸ் காராக மாற்றி, இங்கிலாந்தில் கிளப் ரேஸ்களில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பல சீசன்கள் ஆகிவிட்டன. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ரேஸ் ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தும் எந்தக் காரை எடுப்பது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தில் இதை மிஞ்சும் கார்கள் எத்தனையோ உண்டு. ஆனால் காலையில் தகுதிச் சுற்றில் கெட்டுப்போனதை மத்தியானத்துக்குள் நாமே சரிசெய்து ரேஸுக்கு நிறுத்திவிடலாம் என்ற தைரியத்தை இந்த அளவுக்குக் கொடுக்கும் கார் வேறு இல்லை. அதனால் எந்த மாற்றத்தைச் செய்வதாக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இது கெட்டுப்போனால் ரேஸ் மைதானத்து பாடக்கில் (கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடத்தில்), இருக்கிற ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு என்னால் சரிசெய்ய முடியுமா?

1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார் இது. எல்லா வகைகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். இன்றும் பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். ரேஸ் சரித்திரமும் உண்டு. 1963இல் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஆலன் ஹட்ச்சசன் ஆரம்பத்திலேயே மணலில் காரைச் சிக்கவைத்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டித்தான் வெளியே எடுத்தார். அப்படியும் அவரும் பேடி ஹாப்கர்க்கும் 12ஆவது இடத்தில் முடித்தார்கள். 1966இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணி நேர மராத்தானில் எம்ஜிபி முதலிடமே பிடித்தது. நிற்காமல் ஓடுவதுதான் இந்தக் காரின் சுபாவம். அதைக் கெடுக்காமல் மாற்றுவதில்தான் நம் சாமர்த்தியம் இருக்கிறது.

என்னுடையது 1971 மாடல், குரோம் பம்பர், கூரை இல்லாத ரோட்ஸ்டர். 1967 கடைசிக்குப் பிறகு வந்த கார்களில் நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் மாற்றுவதை எளிதாக்கும் அமைப்பு) உண்டு. பின் ஆக்ஸிலும் பழையதைவிட வலுவான குழாய் வகை. 1974இல் வந்த ரப்பர் பம்பர் மாடல்கள் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றின் உயரத்தை ஒன்றரை அங்குலம் கூட்டிவிட்டார்கள். இறக்கி ஓட்டலாம், ஆனால் அது தனி வேலை.

காரைத் தொடுவதற்கு முன்னால் எந்த ரேஸ் தொடரில் ஓட்டப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 1966க்கு முந்தைய ஜிடி கார்களுக்கான வரலாற்று ரேஸ்களில் ஓட்ட வேண்டுமானால் அந்தக் காலத்துச் சான்றிதழில் என்ன இருந்ததோ அது மட்டும்தான் காரில் இருக்கலாம். டயர்கூட டன்லப்பின் பழைய எல்-செக்‌ஷன்தான். எம்ஜி கிளப்பின் தொடர்களில் பிரிவுக்குப் பிரிவு சுதந்திரம் கூடும். விதிப் புத்தகத்தைப் படிக்காமல் சந்தையில் பார்த்த நல்ல பாகத்தையெல்லாம் வாங்கி மாட்டினால், கார் எந்தப் பிரிவிலும் சேராமல் நின்றுவிடும். நான் ஓட்டுவது, சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற டயர்களோடு, ஓரளவு மாற்றங்களை அனுமதிக்கும் பிரிவு. சாதாரண ஆளுக்கு அதுதான் சரி என்பது என் எண்ணம்.

இனி பாடிக்கு வருவோம். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுகளுக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற சில் பகுதிதான் காரின் முதுகெலும்பு. உள்பக்கத் தகடு, நடுத் தகடு, வெளித்தகடு, கீழே நீளவாக்கில் ஒரு ரெயில் என்று பல தகடுகள் சேர்ந்துதான் அந்தப் பலம் வருகிறது. துரு முதலில் பிடிக்கும் இடமும் அதுதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். கூரை இல்லாத காரில் இந்த சில்லை வெட்டி எடுக்கும்போது வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு, இரும்புக் குழாயை வெல்டு செய்து பூட்டிவிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டிப் பார்த்து, சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்ப்பேன். மேலே நெருங்கி கீழே விரிந்தால் நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, ஜாக்கியால் ஏந்திக்கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் பிறகு சஸ்பென்ஷனில் எவ்வளவு பணம் போட்டாலும் கார் நேராகப் போகாது.

துரு அளவு மீறிப் போயிருந்தால் வேறு வழியும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபியின் முழு பாடியைப் பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகத் தயாரித்துத் தருகிறது. விலை அதிகம்தான். ஆனால் வெல்டிங் தெரியாதவர்களுக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது நஷ்டமில்லை.

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூடு), சீட், பெல்ட், குழாய் வழியாகப் பீய்ச்சும் தீயணைப்பான், வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இழுவை வளையம், பின்னால் மழை விளக்கு: இவையெல்லாம் விதி. பேரம் பேச இடமே இல்லை. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை மட்டும் பட்ஜெட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பழையது பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் பரிசோதகர் விட மாட்டார். நல்ல ரோல் கேஜ் உயிரைக் காப்பதோடு, கூரை இல்லாத இந்த காரின் முறுக்கத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. கேஜுக்கு முன், கேஜுக்குப் பின் என்று இரண்டு வெவ்வேறு கார்கள் என்றே சொல்லுவேன்.

அடுத்த பணம் சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும். முன்னால் காயில் ஸ்பிரிங், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின், அதற்கு மேல் கையாகவும் ஷாக் அப்சார்பராகவும் இரண்டு வேலை பார்க்கும் பழைய லீவர் வகை டேம்பர். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நவீன அமைப்பு மாட்டும் செட்டுகள் விற்கின்றன. நான் மாற்றவில்லை. உள்ளே இருக்கும் வால்வை மட்டும் கடினமானதாக மாற்றிக்கொண்டேன். தடிமனான ஸ்டெபிலைசர் பார், கடினமான ஸ்பிரிங், கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது), அவ்வளவுதான். வளைவில் கார் முன்னால் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும் பழக்கம் போய்விட்டது. லீவர் டேம்பரில் ஆயில் கசியும். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் மூடியைத் திறந்து அளவு பார்த்தே ஆக வேண்டும். கிங்பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். காரைத் தூக்கிவைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். இதைத் தவறாமல் செய்தால் கிங்பின் நாம் நினைப்பதைவிட நெடுநாள் உழைக்கும்.

பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸில். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு துள்ளும். அதைத் தடுக்கும் கம்பிகள் போட்ட பிறகு அடங்கியது. கம்பிச் சக்கரம் பார்க்க அழகு. ரேஸில் ஸ்போக் தளரும், உடையும். போல்ட் சக்கரத்துக்கு மாறிவிடுங்கள். பிரேக்கில் டிஸ்க்கும் காலிபரும் ஒரிஜினலேதான். ரேஸ் பேட், நல்ல பிரேக் ஃபுளூயிட், டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய், இவை போதும். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சர்வோ இல்லாததால் மிதியை ஓங்கித்தான் மிதிக்க வேண்டும். ஆனால் சக்கரம் பூட்டப்போகும் தருணம் காலுக்கே தெரிகிறது. காசில் கூம் மைதானத்தில் ஏவன் ரைஸ் மேட்டைத் தாண்டி குவாரி வளைவுக்கு பிரேக் பிடிக்கும்போது காரின் கனம் சக்கரங்களிலிருந்து விலகியிருக்கும். அந்த இடத்தில் இந்தக் கால் உணர்வு எனக்குப் பெரிய துணை.

இன்ஜினைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொட்டேன். 1,798 சிசி, வார்ப்பிரும்பு, புஷ்ராடு. புதிதில் 95 குதிரைத்திறன். 80.26 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் விட்டம்) 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), அதாவது நீண்ட ஸ்ட்ரோக். அதனால் கீழ் வேகத்தில் இழுக்கும், அளவுக்கு மீறிச் சுற்றவிட்டால் தாங்காது. இதன் உண்மையான எல்லை, சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டில் இருக்கிறது. நான்கு சிலிண்டருக்கு, காற்றும் பெட்ரோலும் நுழைய இரண்டே இன்லெட் வழிகள். ஒன்றும் இரண்டும் ஒரு வழியைப் பங்குபோடும், மூன்றும் நான்கும் இன்னொன்றை. பற்றும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒரே வழியில் அடுத்தடுத்து இரண்டு இழுப்பு, பிறகு நீண்ட ஓய்வு. முதலில் இழுக்கும் சிலிண்டர் இழுத்து முடிப்பதற்குள் பக்கத்துச் சிலிண்டர் அதன் பங்கைப் பறிக்கத் தொடங்கிவிடும். இதையும் மீறி, ஸ்டீல் கிராங்கும் பெரிய போரும் போட்டு 170 குதிரைத்திறன் வரை எடுப்பவர்கள் உண்டு. அந்த இன்ஜின்களை அடிக்கடி பிரித்துக் கட்ட வேண்டும். அது என் வழி இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான்: போரைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஹெட்டை வேலை செய்து, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் வைத்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் மிதமான ஒன்றைப் போட்டேன். ஐந்து பேரிங் கிராங்க் அப்படியே இருக்கிறது. நிமிடத்துக்கு 6,500 சுற்றுக்கு மேல் போக விடுவதில்லை. ஆயில் தேங்கும் சம்பில் தடுப்புத் தகடு கட்டாயம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். ஆயில் பிரஷர் முள் எனக்கு வேகமானியைவிட முக்கியம். சூடான இன்ஜினில் ஓட்டத்தின்போது 50 பிஎஸ்ஐக்குக் கீழே வந்தால் ரேஸை விட்டு வெளியே வந்துவிடுவேன். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை அதிகம் உள்ளது. அது இல்லாத நவீன ஆயிலில் கேமும் டேப்பெட்டும் தேய்ந்துவிடும்.

கார்புரேட்டரில்தான் நண்பர்களோடு எனக்குச் சண்டை. எல்லோரும் வெபர் 45 போடச் சொல்வார்கள். மேல் வேகத்தில் அது கூடுதலாகக் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நான் காரோடு வந்த வகையான இரட்டை எஸ்யூ கார்புரேட்டரிலேயே இருக்கிறேன். வெபரில் ஜெட்டுகளை ஒரு பெட்டி நிறைய வைத்துக்கொண்டு மாற்றிமாற்றிப் பார்க்க வேண்டும். எஸ்யூவில் அடியில் ஒரு பின் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதை விரலால் மெல்லத் தூக்கினால் உள்ளே பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவு எழும். இன்ஜின் சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு நொடி ஏறிவிட்டு அடங்கினால் சரி. ஜெட் நட்டை ஒரு பக்கம் திருப்பி மறுபடி கேட்டால் போதும். மழை பெய்து குளிர்ந்த காலையிலும், வெயில் ஏறிய மத்தியானத்திலும், கையும் காதும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம்.

வால்வு இடைவெளியும் அப்படித்தான். எட்டு வால்வு, எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் நடுவில் டீ குடித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிளட்ச் மாற்ற இன்ஜினையே வெளியே எடுத்தாக வேண்டும். பாடக்கில் செய்ய முடியாத வேலை அது. ரிலீஸ் பேரிங் கிராஃபைட்டால் ஆனது, கிளட்சை மிதித்துக்கொண்டே நின்றால் தேய்ந்துவிடும். அதனால் தொடக்க வரிசையில் நியூட்ரலில் காத்திருந்து, ஐந்து நொடிப் பலகை காட்டியதும்தான் கியர் போடுவேன். நீளமான நேர்ப்பாதைகள் உள்ள ஸ்நெட்டர்டன் போன்ற மைதானங்களில் குதிரைத்திறன் உள்ளவர்கள் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய ஆதங்கம் உதிரிபாகங்களின் தரம். எல்லாம் கிடைக்கிறது, ஆனால் கிடைப்பதெல்லாம் நல்லதல்ல. ஒரு கடையில் புதிதாக வாங்கிய ரோட்டர் ஆர்ம் (சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடும் பாகம்), பிராண்ட்ஸ் ஹேட்ச் மைதானத்தில் ட்ரூயிட்ஸ் வளைவுக்கு ஏறும் வழியில் இன்ஜினை அணைத்துவிட்டது. பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் உள்ளே ஷாஃப்டுக்கு மிக அருகில் இருந்ததால் ஸ்பார்க் உள்ளேயே இறங்கிவிட்டது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ரிவெட் இல்லாத சிவப்பு வகைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. கண்டென்சர், ரப்பர் புஷ் ஆகியவற்றிலும் இதே கதைதான். பழைய ஒரிஜினல் பாகம் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். சுத்தம் செய்து உதிரிப் பெட்டியில் வையுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைக் கேட்டு மயங்க வேண்டாம். இன்ஜின் எந்த நிலையில் இருந்தாலும் கட்டிவிடலாம். சில்லின் அடியில், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டியில் படுத்துப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டி கிங்பின்னைப் பாருங்கள். முடிந்தால் யாரோ ஏற்கெனவே ரேஸ் காராக மாற்றி, பதிவேடு வைத்து ஓட்டிய வண்டியை வாங்குங்கள். நீங்களே கட்டுவதைவிட அது நிச்சயம் மலிவு. கட்டும் வேலையே பிடித்திருக்கிறது என்றால் மட்டும் என் வழியில் வாருங்கள். எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் குளிர்காலத்தில் பின் ஸ்பிரிங் புஷ்களை மாற்றி, காலாவதியாகப்போகும் பெல்ட்டுக்குப் புதியதை வாங்கி, அடுத்த சீசனுக்கு அதே இன்ஜினோடு போகப்போகிறேன்.